காருக்குக் கூலிங் ஃபிலிம்: தருமபுரி ஓசூர் சாலையில் நான் கற்றதும் மாற்றிக்கொண்டதும்

12 மார்ச் 2025, அரூரிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, போன மாதம் புது கார் எடுத்தோம். வெயில் தாங்கவில்லை, மதியத்தில் பின் சீட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறார் அப்பா. தருமபுரியில் ஒரு கார் டெக்கார்ஸ் கடையில் கேட்டேன். "ஆர்டிஓ அப்ரூவ்டு ஃபிலிம், போலீஸ் பிடிக்காது, 97 சதவீதம் சூட்டைத் தடுக்கும், சுற்றி ஒட்ட 4500 ரூபாய்" என்கிறார்கள். நம்பலாமா? கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ நன்றாக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்களா, இல்லை பெங்களூருக்கே போய்விடலாமா?

12 மார்ச், இரவு

நானும் இப்போது இதே அலைச்சலில்தான் இருக்கிறேன் தம்பி.

என் கார் 2022இல் சேலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் சுற்றிலும் கருகருவென்று ஒட்டி வைத்திருந்தார். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். உரித்துவிடுங்கள் என்றார் காவலர். அவர் சொன்னது சரிதான். மழை இரவில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது அந்தக் கருப்புக்குள் இருந்து பார்த்தால் சைடு மிர்ரரில் எதுவுமே தெரியாது. பின்னால் பதினாறு சக்கர லாரி வருகிறதா என்று பார்க்கக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுவேன். மூன்று வருடம் குடும்பத்தை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

உரித்த பிறகு ஒரு விஷயம் புரிந்தது. நான் தினமும் தருமபுரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன், ஒரு பக்கம் 90 கிலோமீட்டருக்கு மேல். காலையில் வடக்கே போகிறேன், சூரியன் கிழக்கே, அதாவது என் வலது கைப் பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்புகிறேன், சூரியன் மேற்கே, மறுபடியும் என் வலது கைப் பக்கம். நாள் முழுவதும் வெயில் என் ஜன்னலில்தான். மூன்றே வாரத்தில் வலது முன்கை இடது கையைவிடக் கருத்துவிட்டது. ஆகவே முதல் கேள்வி எந்தக் கம்பெனி என்பது இல்லை. நீங்கள் தினமும் போகிற சாலையில், போகிற நேரத்தில், வெயில் எந்தக் கண்ணாடியில் விழுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள்.

பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது சட்டம். 50 சதவீத ஃபிலிம் வாங்கி ஒட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

13 மார்ச்

"ஆர்டிஓ அப்ரூவ்டு" பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. அப்படி ஒன்று கிடையாது. ஆர்டிஓ அலுவலகம் எந்த ஃபிலிமுக்கும் சான்று கொடுப்பதில்லை. அது கடைக்காரர்கள் வாயில் புழங்கும் சொல். அதைச் சொல்கிற கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த அப்ரூவல் காகிதம் எங்கே?

16 மார்ச்

சட்டத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஃபிலிமே ஒட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதே என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் பாதியைத்தான் சொன்னேன். தேதி வாரியாகச் சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: அந்த அளவு கண்ணாடி தயாரிக்கும்போதே இருக்க வேண்டியது, அதன் மேல் எவ்வளவு தெளிவான ஃபிலிமாக இருந்தாலும் ஒட்டக் கூடாது. மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் ஊரெங்கும் சாலையோரத்தில் நிறுத்தி பிளேடால் கிழித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களின் வண்டிக்கு மட்டும் விலக்கு.

அப்புறம் விதியே திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் "பாதுகாப்புக் கண்ணாடி" என்பதோடு "சேஃப்டி கிளேசிங்" என்பதையும் சேர்த்தார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி அதற்குள் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் அடங்கும். இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70க்கும் 50க்கும் குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம், அதற்காக அபராதம் போடக் கூடாது என்றது. 2012 தீர்ப்பு பழைய விதியை வைத்து வந்தது என்பது அதன் விளக்கம்.

கடைகளில் எல்லாரும் காட்டுவது இந்தக் கேரளத் தீர்ப்பைத்தான். ஆனால் அது நம் ஊர்க் காவலரைக் கட்டுப்படுத்தாது. நாம் எடுத்துச் சொல்லலாம், அவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவில் முதல் முறை 500, மறுபடி பிடித்தால் 1500. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒட்ட வேண்டும். துளி ரிஸ்க்கும் வேண்டாம் என்றால் ஒட்டாமல் இருப்பதுதான் வழி. என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படித்தான் இருக்கிறார், கைக்கு உறை போட்டு ஓட்டுகிறார்.

17 மார்ச்

முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். 50 சதவீத ஃபிலிம் போதும் என்றேனே, அது தப்பு. யாரும் 50 சதவீத ஃபிலிம் வாங்கிவிட வேண்டாம்.

கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடுவதில்லை. கம்பெனியிலிருந்து வருகிற கண்ணாடியில் லேசான பச்சை இருக்கிறதல்லவா, அது ஏற்கெனவே இருபது, இருபத்தைந்து சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஓசூரில் ஒரு கடையில் கண்ணாடி விடும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வைத்திருந்தார்கள். கேட்டதும் அளந்து காட்டினார்கள்: பக்கக் கண்ணாடி 77, முன் கண்ணாடி 75, பின் கண்ணாடி 77.

இப்போது கணக்கு. 77இல் பாதி 38.5. அதாவது 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் என் ஜன்னல் 38தான், கேரளத் தீர்ப்பின்படிகூடத் தேறாது. 70 சதவீத ஃபிலிம் என்றால் 77 × 0.70 = 53.9, தேறும். முன் கண்ணாடிக்கு 75 × 0.90 = 67.5, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிற 90 சதவீத ஃபிலிம்கூடத் தேறாது. பின் கண்ணாடிக்கு 77 × 0.90 = 69.3, மயிரிழையில் தேறாமல் போகிறது.

"சுற்றி ஒட்ட 4500" என்கிற கடைக்காரரிடம் இந்தப் பெருக்கலைச் சொன்னேன் (அரூர்த் தம்பி சொன்ன கடையா என்று தெரியாது, பேச்சு அதே மாதிரிதான்). "சார், ஃபிலிமில் 50 என்று அச்சடித்திருக்கிறது பாருங்கள்" என்று திரும்பத் திரும்ப அதையே காட்டினார். அளக்கிறவர் ஃபிலிமைத் தனியாக உரித்தா அளப்பார்?

23 மார்ச்

97 சதவீதம் சூடு என்பதைப் பார்ப்போம். இந்த எண்ணால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், நிதானமாக எழுதுகிறேன்.

எல்லாக் கடையிலும் ஒரு விளையாட்டு காட்டுவார்கள். சிவப்பு விளக்கு ஒன்று, அதன் முன் கண்ணாடித் துண்டுகள். ஃபிலிம் இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் கை வைத்தால் சுடும், ஃபிலிம் ஒட்டியதன் பின்னால் சுடாது. பார்த்தவுடன் பணத்தை எடுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த விளக்கு பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரைத்தான் தருகிறது. வெயில் அப்படி இல்லை. வெயிலில் வரும் ஆற்றலில் பாதிக்குக் கொஞ்சம் மேல் அகச்சிவப்பு, நாற்பது சதவீதத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், மீதி மூன்று முதல் ஐந்து சதவீதம் புற ஊதா. 97 என்பது அகச்சிவப்பில், அதுவும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் அளந்த எண்ணாக இருக்கும். மொத்த வெயிலில் 97 இல்லை. தெளிவான ஃபிலிமால் அது முடியவே முடியாது, வெளிச்சத்தை உள்ளே விட்டால் அதோடு சூடும் கொஞ்சம் வரத்தானே செய்யும்.

கேட்க வேண்டிய எண் வேறு: மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது. காகிதத்தில் டிஎஸ்இஆர் என்று இருக்கும். 70 சதவீத வெளிச்சம் விடும் நல்ல ஃபிலிமில் அது நாற்பதிலிருந்து ஐம்பது வரை இருக்கும். இந்த எண் காகிதத்திலேயே இல்லை என்றால் அந்த ஃபிலிம் வேண்டாம்.

விளக்குச் சோதனையை நானே மாற்றிச் செய்யச் சொன்னேன். அஞ்சு நிமிடம் விளக்கை எரியவிட்டு, கண்ணாடியையே தொட்டுப் பார்த்தேன். ஒரு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி கொதித்தது, இன்னொரு ஃபிலிம் ஒட்டியது அவ்வளவு இல்லை. கொதித்தது சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஓடும்போது வெளிக்காற்று அதைக் கொண்டுபோய்விடும். நிற்கும்போது பாதி உள்ளேதான் வரும்.

இன்னொன்று, முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது, அந்தப் படலமே புற ஊதாவை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படி இல்லை, தோலைக் கருக்கும் கதிர் கணிசமாக உள்ளே வருகிறது. என் முகம் கறுக்காமல் கை மட்டும் கறுத்தது இதனால்தான். நல்ல ஃபிலிம் எதுவானாலும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், புற ஊதாவில் 99 சதவீதம் தடுக்கும். கைக்காகவும் குழந்தைக்காகவும் என்றால் இந்த ஒன்றுக்காகவே ஒட்டலாம்.

30 மார்ச்

ஃபிலிம் வகை பற்றிக் கேட்டார்கள். சாயம் ஏற்றியது மலிவு, இரண்டு மூன்று கோடையில் ஊதா நிறமாகிக் கொப்புளம் போடும், என் பழைய ஃபிலிம் அதுதான். உலோகப் பூச்சு உள்ளது சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் போன் சிக்னல், ஜிபிஎஸ், ஃபாஸ்டேக் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கும். செராமிக் வகைக்கு விலை கூடுதல், சிக்னலைத் தொடாது. 3எம் கம்பெனியின் கிறிஸ்டலைன் இருநூறு அடுக்குக்கு மேல் படலங்களை அடுக்கிச் செய்தது, உலோகம் கிடையாது. கார்வேர் நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தயாராகி வெளிநாட்டுக்கும் போகிறது. பெயர் தெரிந்த கம்பெனிகள் எல்லாமே 70 சதவீதத்தில் ஒன்று வைத்திருக்கின்றன. அதற்குள் அடித்துக்கொள்ள வேண்டாம்.

6 ஏப்ரல்

பழைய ஃபிலிமை உரித்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் என் தப்பைச் செய்யாமல் இருக்கட்டும்.

பக்கக் கண்ணாடிகளில் எளிதாகத்தான் வந்தது. வெளிப்பக்கம் கருப்பு பாலித்தீன் ஷீட்டை ஒட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் அடித்து, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் விட்டேன். பசை இளகி ஃபிலிம் முழு ஷீட்டாக வந்துவிட்டது. ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் ஃபிலிம் மட்டும் வந்து பசை தங்கும்.

பின் கண்ணாடியில் அவசரப்பட்டேன். பசை தங்கிவிட்டது, பிளேடு வைத்துச் சுரண்டினேன். பின் கண்ணாடியில் குறுக்கே ஓடுகிற, மின்சாரத்தில் சூடாகிப் பனிமூட்டத்தைப் போக்கும் மெல்லிய டீஃபாகர் கோடுகளில் இரண்டு அறுந்துபோயின. மழையில் கண்ணாடி முழுக்கத் தெளிகிறது, அந்த இரண்டு பட்டை மட்டும் மூடுபனியாகவே நிற்கிறது. பின் கண்ணாடியில் பிளேடு கூடவே கூடாது. நீராவி காட்டி, பிளாஸ்டிக் தகட்டால், கோடு போகும் திசையிலேயே எடுக்க வேண்டும். தெரியாவிட்டால் காசு கொடுத்து ஆளிடம் விடுவது மேல்.

8 ஏப்ரல்

அறுந்த கோட்டைச் சரிசெய்ய வழி உண்டு என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியிருந்தார். வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயிண்ட் விற்கிறார்கள், மேலும் கீழும் டேப் ஒட்டி அறுந்த இடத்தில் பூச வேண்டும். பூசினேன். ஒரு கோடு உயிர்பெற்றுவிட்டது. நன்றி அண்ணா, இன்னொன்றையும் இந்த ஞாயிறு பார்க்கிறேன்.

13 ஏப்ரல்

சரி, யாரிடம் ஒட்டுவது. தருமபுரியில் மூன்று கடை, கிருஷ்ணகிரியில் இரண்டு, ஓசூரில் நான்கு பார்த்துவிட்டேன். கார் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜேசி ரோட்டுக்கும் ஒரு சனிக்கிழமை போனேன். கடைப் பெயர் எழுதப் போவதில்லை. கடை ஒன்றாக இருந்தாலும் ஒட்டுகிற ஆள் மாறிவிடுகிறார், இன்று நன்றாக ஒட்டினவர் அடுத்த மாதம் வேறு கடையில் இருப்பார்.

ஜேசி ரோட்டில் விலை குறைவுதான். ஆனால் சாலையோரத்திலேயே, பஸ் கிளப்பும் தூசிக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கண்ணாடிக்குள் தூசி மாட்டியது, "காய்ந்தால் போய்விடும் சார்" என்றார்கள். தண்ணீர்க் கொப்புளம் காய்ந்தால் போகும். தூசி போகாது. அப்புறம், நாளைக்கு ஓரம் எழும்பினால் மறுபடி டோல் கட்டிக்கொண்டு பெங்களூர் போக வேண்டும். உள்ளூரிலேயே ஒட்டுவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

கடையில் நான் பேச்சைக் கேட்கவில்லை, வேறு யாருடைய காருக்கோ ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கடையில் ஃபிலிமைக் கார் கண்ணாடியின் மேலேயே வைத்து வெட்டினார்கள், கத்தி ரப்பர் பீடிங்கில் ஏறியது. இன்னொரு கடையில் கதவு உள்பக்கத்தில் எதையும் மூடாமல் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள், பவர் விண்டோ சுவிட்சுக்குள் ஓடியது. அந்த சுவிட்ச் ஒரு மாதத்தில் மக்கர் செய்தால் யார் பொறுப்பு? ஃபிலிமை ஒட்டச் சொன்னதற்காக அந்த ஓனர்தான் செலவு செய்வார்.

கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கடை. ஷட்டரை இறக்கிவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஒட்டுகிறார். கதவில் டர்க்கி டவல் போட்டு மூடுகிறார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பீடிங்குக்குள் மறைகிற மேல் ஓரத்தையும் துடைக்கிறார். வெளிப்பக்கத்தில் அளவெடுத்து வெட்டி, ஹீட் கன்னால் வளைவுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டு, அப்புறம்தான் உள்ளே கொண்டுபோகிறார். ஒரு கதவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். பேச்சே கிடையாது. நான் கேட்ட கேள்விக்குக்கூட ஃபிலிம் ஒட்டி முடித்த பிறகுதான் பதில் சொன்னார். அவரிடம்தான் ஒட்டப் போகிறேன்.

14 ஏப்ரல்

வாரண்டி பற்றி: ஃபிலிம் கம்பெனி தரும் வாரண்டி என்றால் உங்கள் வண்டி எண்ணோடு பதிவாக வேண்டும். ரோல் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், ரோல் எண் உங்கள் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். கடை ரப்பர் ஸ்டாம்பு மட்டும் அடித்த அட்டை அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான்.

20 ஏப்ரல்

ஒட்டியாயிற்று. நான்கு கதவுக் கண்ணாடி, பின் கதவு ஓரத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடி இரண்டு. 70 சதவீத செராமிக், காகிதத்தில் டிஎஸ்இஆர் 44. எனக்கு ஆன செலவு 7200 ரூபாய். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் அப்படியே விட்டேன்.

முன் கண்ணாடியை ஏன் விட்டீர்கள், சூடு அங்கிருந்துதானே அதிகம் வருகிறது என்று கேட்பீர்கள். உண்மைதான், பெரிய கண்ணாடி அது. என் பெருக்கல் கணக்கில் அது தேறவில்லை. கூடவே ஃபாஸ்டேக் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, ஃபிலிம் ஒட்ட அதை உரித்தால் கிழிந்து வீணாகிவிடும், புதிதாக வாங்க வேண்டும். தினமும் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டுகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மகள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒட்டவே இல்லையேப்பா, காசை வாங்கிட்டாரு" என்றாள். அவ்வளவு தெளிவு. அதுதான் வேண்டும்.

21 ஏப்ரல்

ஐந்து நாள் கண்ணாடியை இறக்காதீர்கள் என்றார் ஒட்டியவர். சுவிட்சுகள் மேலே பச்சை டேப் ஒட்டி அனுப்பினார். மனைவி காரை எடுப்பதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், டேப் ஒட்டியும்கூட என் வீட்டில் ஒரு முறை இறங்கத் தொடங்கியது, நல்ல வேளையாக ஒரு விரல் அளவோடு நின்றது.

23 ஏப்ரல்

மீட்டரில் அளந்தேன், கணக்குப்படி 54 வர வேண்டும், 58 வந்தது. மீட்டர் கெட்டுவிட்டதா என்று பின் கண்ணாடியை அளந்தால் அதே 77. ஒட்டியவரிடம் கேட்டேன். சில கம்பெனிகள் ஃபிலிமை 3 மில்லிமீட்டர் தெளிவான கண்ணாடியில் ஒட்டி அளந்த எண்ணைத்தான் அச்சடிக்கின்றனவாம். அந்தக் கண்ணாடியே பத்து சதவீதம் போலத் தின்றிருக்கும், ஆக ஃபிலிம் மட்டும் அச்சடித்ததைவிடத் தெளிவு.

அதனால் மார்ச் 17 கணக்கு கொஞ்சம் கறாரான கணக்கு. பெருக்கித் தேறியது கண்டிப்பாகத் தேறும், பெருக்கித் தேறாதது சில சமயம் தேறலாம். முன் கண்ணாடிக்கு 90 சதவீத ஃபிலிம் தேறவே தேறாது என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கடையில் ஒரு துண்டைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். 50 சதவீத ஃபிலிம் மட்டும் எப்படி அளந்தாலும் பக்கக் கண்ணாடியில் தேறாது, அதில் மாற்றம் இல்லை.

11 மே

மூன்று வாரம் ஆயிற்று. நல்லதும் குறையும் சொல்கிறேன்.

வலது கையில் சுள்ளென்று குத்துவது நின்றுவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு காவேரிப்பட்டணம் தாண்டும்போது முன்பெல்லாம் ஏசி மூன்றில் ஓடும், இப்போது இரண்டே போதும். வலது பக்கம் உட்காரச் சொன்னால் மகள் இப்போது சண்டை போடுவதில்லை. இரவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, தொப்பூரில் மிர்ரர் பளிச்சென்று தெரிகிறது. இதற்கே 7200 கொடுக்கலாம்.

ஆனால் நிறுத்தி வைத்த காருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஓசூரில் அலுவலக வாசலில் மரம் கிடையாது, காலை எட்டரைக்கு நிறுத்திச் சாயங்காலம் கதவைத் திறந்தால் முன்பு எப்படியோ அப்படித்தான் அனல் அடிக்கிறது. நாள் முழுக்க நின்றால் எந்த ஃபிலிமும் தோற்றுத்தான் போகும், சூடு ஏறுவது மெதுவாகும், அவ்வளவே. அதற்கு முன் கண்ணாடியில் வைக்கிற வெள்ளி நிற மடிப்பு அட்டையும், கிளம்பும் முன் நாலு கதவையும் திறந்துவிடுவதும்தான் வழி. போன வாரம் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு பெட்டி மாங்காய் வாங்கிப் பின்னால் வைத்து மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் திறந்தால் கார் முழுக்க மாம்பழ வாசனை, பெட்டியில் பாதி பழுத்தே போயிருந்தது. வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அரூர்த் தம்பி அப்பாவுக்காகக் கேட்டார். பின் சீட்டில் மதியம் நேரடியாக மேலே வெயில் படுவதை இது தணிக்கும். நிழலில் நிறுத்த முடிந்தால் அப்பாவுக்கு அதுவே பெரிய உதவி.

12 மே

கொப்புளம் வந்ததா என்று கேட்டவருக்கு: முதல் வாரம் இடது பின் கதவில் மங்கலான திட்டுகள் இருந்தன, பத்தாம் நாள் தானாகப் போய்விட்டன. விரலால் அழுத்தாதீர்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் வெறும் தண்ணீரும் போதும், அம்மோனியா கலந்த கிளாஸ் கிளீனர் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

8 ஜூன்

நேற்று சூளகிரிக்குப் பக்கத்தில் வாகனச் சோதனை. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் பார்த்தார்கள். காவலர் ஒருவர் கண்ணாடியைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாரையும் பார்த்தார், போகலாம் என்றார். ஃபிலிம் என்ற பேச்சே எழவில்லை. இதை வைத்து எங்கும் பிடிக்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை, ஒரு நாள் ஒரு காவலர் கேட்கலாம். கேட்டால் மீட்டர் அளவு எழுதிய கடைச் சீட்டும், ஃபிலிம் காகிதமும் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது. காட்டுவேன், அதற்கும் மேல் 500 கேட்டால் கட்டிவிடுவேன். அவரிடம் நின்று கேரளத் தீர்ப்பை வாதிட மாட்டேன், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார்.

19 ஜூலை

ஓட்டுநர் கதவில், கீழ் மூலையில், ஃபிலிம் ஒரு நகம் அளவு எழும்பிவிட்டது. தினமும் நாலைந்து தடவை இறக்கி ஏற்றுகிற கண்ணாடி அது, பீடிங்கில் மணல் சேர்ந்து கீறியிருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் போனேன். சீட்டை எடுத்து நீட்டினேன், அவர் வாங்கவே இல்லை. பீடிங்கைப் பிரித்துத் துணியால் மணலை எடுத்தார், அந்த ஒரு கண்ணாடி ஃபிலிமை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். ஒன்றரை மணி நேரம். காசு கேட்டேன், வேண்டாம் என்றார். மாதம் ஒரு முறை பீடிங்கைத் துடையுங்கள் என்றார், பச்சை டேப்பை மறுபடி சுவிட்சில் ஒட்டினார்.

தம்பி, அவர் போன் எண்ணைத் தனியாகக் கேளுங்கள், தருகிறேன். போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவர் ஒட்டுவதில்லை.